சிரித்ததற்குத் தண்டனை



உள்ளத்து உணர்வு உடலின்மேல் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு வகைப்படுத்திய தொல்காப்பியர், அவ்வெட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார். அழுகையும் அச்சமும் வெகுளியும் அதன் பின்னரே வருகின்றன. அந்நகை பிறக்கும் நிலைக்களன்களைச் சொல்லும்போதும் எள்ளலைத்தான் முதலாவதாகக் கூறினார். பிறரை எள்ளி நகைப்பதும் பிறரால் எள்ளி நகைக்கப்படுவதும் மனித வாழ்வில் எத்துணைப் பழைமையானவை என்பது இதனால் விளங்கும். ஆனால் முகத்தில் ஒரு புன்னகை தோன்றியமைக்காக ஒருவன் தன் பிழைப்பையே இழந்தான் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? அமெரிக்க நாட்டில், டெட்ராய்ட் நகரை அடுத்த டியர்பார்ன் என்னும் ஊரில், ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் ரூஜ் தொழிற்சாலையில், 1940ஆம் ஆண்டில் அது நிகழ்ந்தது. அத்தொழிலாளி புன்னகை புரிந்த நிலையில் பிடிபட்டான். அதற்கு முன்னரே அவன்மீது ஒரு குற்றம் பதிவாகியிருந்தது. உடன் வேலை செய்தோருடன் சேர்ந்து சிரித்து, ஓடிக்கொண்டிருந்த உற்பத்தி வரிசையை ஏறத்தாழ அரை நிமிடம் தாமதப்படுத்தினான் என்பதே அக்குற்றம். இரண்டாவது முறை அவனுக்கு மன்னிப்பு இல்லை. வேலை நீக்கம்!

இந்த வரலாற்றில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உலகத்திலேயே மிகுதியாக நகைக்கப்பட்ட வண்டியைச் செய்தவர் ஹென்றி ஃபோர்டு. 1908ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘மாடல் டி’ என்னும் மோட்டார் வண்டி 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. எளிய குடியானவனும் வாங்கத்தக்க விலை, கரடுமுரடான பாதையிலும் ஓடும் உறுதி, ஓயாத கடகட ஒலி ஆகிய மூன்றும் சேர்ந்து அதனைப் பற்றி எண்ணற்ற நகைச்சுவைத் துணுக்குகளைப் பிறப்பித்தன. அவற்றைத் தொகுத்துச் சிறு நூல்களாகவே அச்சிட்டு விற்றார்கள். இறக்கும் தறுவாயில் ஒருவர், “என்னை என் ஃபோர்டு வண்டியோடு சேர்த்துப் புதையுங்கள், அது ஏறி வராத குழியை நான் கண்டதே இல்லை” என்றாராம். மற்றொருவர் தம் கொட்டகையின் உடைந்த தகரக் கூரையைக் கழற்றி ஃபோர்டு தொழிற்சாலைக்கு அனுப்பினாராம். ‘உங்கள் வண்டி மிக மோசமான விபத்தில் சிக்கியிருக்கிறது, ஆயினும் பழுது பார்த்துத் தருகிறோம்’ என்று விடை வந்ததாம். இத்தகைய துணுக்குகளை ஃபோர்டு வெறுக்கவில்லை. தாமே பலரிடம் சொல்லி மகிழ்ந்தார். செலவில்லாத விளம்பரம் அல்லவா? நண்பர்களிடமும் அலுவலர்களிடமும் குறும்பு செய்து வேடிக்கை பார்ப்பதிலும் அவருக்கு விருப்பம் உண்டு. ஆகவே, அவர் நகைச்சுவை அறியாத மனிதர் என்று எவரும் கூற முடியாது. அப்படிப்பட்டவரின் ஆலையில் சிரிப்பு குற்றமானது எவ்வாறு? அதனைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

முதலில் உற்பத்தி வரிசை என்பது யாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முற்காலத்தில் மோட்டார் வண்டி ஓரிடத்தில் நிற்கும். தொழிலாளர் அதனைச் சுற்றி நடந்து வேலை செய்வர். 1913இல் ஹைலண்டு பார்க்கு என்னுமிடத்திலிருந்த ஃபோர்டு ஆலையில் இம்முறை தலைகீழாக்கப்பட்டது. தொழிலாளி ஓரிடத்தில் நிற்பான். வண்டி நகர்ந்து அவனிடம் வரும். ஒருவன் ஒரு திருகாணியைப் பொருத்துவான். அடுத்தவன் அதனை முடுக்குவான். அடிச்சட்டம் ஒன்றைப் பூட்டுவதற்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகி வந்தது, சில மாதங்களுக்குள் ஒன்றரை மணியளவாகக் குறைந்துவிட்டது. பொறியியல் நோக்கில் பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வரிசையில் ஒருவன் அரை நிமிடம் கையை நிறுத்தினால் அவனுக்குப் பின்னால் நிற்கும் அனைவருடைய கையும் நிற்கும். அந்த அரை நிமிடத்தை நூற்றுக்கணக்கானவரால் பெருக்கிப் பாருங்கள். நிர்வாகத்தின் கணக்கு அதுதான். அக்கணக்கில் பிழை இல்லை என்பதையும் நடுநிலையாக நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதனைத் திருகாணியோடு வைத்து எண்ணிய இடத்தில்தான் பிழை.

அவ்வேலையின் சலிப்பைத் தாங்காமல் ஆட்கள் விட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவரது இடத்தை ஓராண்டுக்குள் மூவர், நால்வர் மாறி மாறி நிரப்ப வேண்டியதாயிற்று. அதனைத் தடுக்க 1914ஆம் ஆண்டு ஜனவரியில் ஃபோர்டு ஒரு வியத்தகு அறிவிப்புச் செய்தார். நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியம், 8 மணி நேர வேலை! அந்நாளைய ஊதியத்தைப் போல ஏறக்குறைய இருமடங்கு. அறிவிப்பைக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் ஆலைவாயிலில் திரண்டனர். ஆனால் அந்த 5 டாலரும் நிபந்தனையோடு வந்தது. ‘சமூகவியல் பகுதி’ என்று ஒரு பிரிவை ஏற்படுத்தி, தொழிலாளி குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீட்டைத் தூய்மையாக வைத்திருக்கிறானா என்று வீடுதோறும் சென்று ஆராய ஆட்களை அமர்த்தினார்கள். நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். எனினும் முதலாளியின் கண் ஆலைக்குள் நில்லாமல் அடுக்களை வரை வந்துவிட்டது.

அக்கண் நாளடைவில் கையாக மாறிற்று. 1920களில் ஃபோர்டின் உற்பத்தி ரூஜ் ஆற்றங்கரையிலிருந்த மாபெரும் ஆலைக்குப் பெயர்ந்தது. இரும்புத் தாதும் நிலக்கரியும் ஒருபுறம் கப்பலில் வந்து இறங்க, மறுபுறம் முழு மோட்டார் வண்டியாக வெளியேறும் அவ்வாலை உலகில் இணையற்றதாக விளங்கியது. அங்கே ‘சர்வீஸ் டிபார்ட்மெண்ட்’ என்று ஒன்று இருந்தது. சேவைப் பகுதி என்று பொருள்! அதன் தலைவர் ஹாரி பென்னட், முன்னாள் கடற்படை வீரர், குத்துச்சண்டையில் பழகியவர். சிறை மீண்டோர், மல்லர், பழைய காவலர் முதலியோரை அவர் அப்பகுதியில் சேர்த்தார். 1930களின் பிற்பகுதியில் அப்படையின் தொகை மூவாயிரம் என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. பென்னட்டும் விளையாட்டுப் பிள்ளைதான். தம் அலுவலக அறையிலேயே கைத்துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடுவார். வீட்டில் சிங்கம், புலிகளை வளர்த்தார். மேலிருப்போர் விளையாடும் விளையாட்டுக்குக் கீழிருப்போர் சிரித்துத்தான் ஆக வேண்டும். கீழிருப்போர் தமக்குள் சிரித்தால்தான் அது ஐயத்திற்கு இடமாகிறது. யாரைப் பற்றிச் சிரிக்கிறார்கள் என்று மேலிருப்போருக்குத் தெரிவதில்லை அல்லவா?

ரூஜ் ஆலையின் கட்டுப்பாடுகளைக் கேளுங்கள். வேலை நேரத்தில் பேசக்கூடாது, பாடக்கூடாது, சீழ்க்கை அடிக்கக்கூடாது, உட்காரக்கூடாது. உணவுக்குப் பதினைந்து நிமிடம். அதற்குள் கை கழுவி, உண்டு, மீண்டும் தன் இடத்தில் நிற்க வேண்டும். சேவைப் பகுதியினர் சாதாரண உடையில் தொழிலாளரோடு தொழிலாளராகத் திரிந்தனர், கழிப்பிடத்துக்கும் பின்தொடர்ந்தனர், உணவுப் பெட்டியையும் மேலங்கியையும் சோதித்தனர். சங்கத்தின் துண்டுப் பிரசுரம் ஒன்று கிடைத்துவிட்டால் அன்றோடு வேலை போயிற்று. பக்கத்தில் நிற்பவன் தோழனா ஒற்றனா என்று எவனுக்கும் தெரியாது. இந்நிலையில் தொழிலாளர் ஒரு புதுக்கலையைக் கற்றுக்கொண்டனர். உதடு அசையாமல், பார்வை வேலையை விட்டுப் பெயராமல், வாயின் ஓரத்தால் பேசுவது. அதற்கு ‘ஃபோர்டு முணுமுணுப்பு’ என்று பெயர். எந்த உணர்ச்சியும் காட்டாமல் மரப்பொம்மை போல வைத்துக்கொள்ளும் முகத்துக்கு, ‘முகம் ஃபோர்டு ஆகிவிட்டது’ என்னும் பொருள்படும் ஒரு தொடரையும் வழங்கினர். வெளியார் கண்டு வருந்திய இந்நிலைக்கு உள்ளிருந்தோரே சூட்டிய பெயர்களைப் பாருங்கள். இவை இரண்டுமே நகைச்சுவைதான். சிரிப்பை எவ்வளவு அழுத்தினாலும் அது எங்கோ ஒரு மூலையில் கசிந்துவிடுகிறது. சார்லி சாப்ளின் 1923இல் ஃபோர்டு ஆலையைச் சென்று பார்த்தவர். 1936இல் ‘மாடர்ன் டைம்ஸ்’ என்னும் படத்தை வெளியிட்டார். திருகாணி முடுக்கி முடுக்கிப் பித்துப் பிடித்த தொழிலாளியை அதில் கண்டு உலகமே சிரித்தது. கழிப்பிடத்தில் சிறிது இளைப்பாறும் அவனை முதலாளியின் முகம் சுவரில் தோன்றி அதட்டும் காட்சி வெறுங் கற்பனை என்று நம்மவர் எண்ணுவர். ரூஜ் தொழிலாளி அப்படி எண்ணியிருக்க மாட்டான்.

இங்கே என்னைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய நானும் வகுப்பில் சிரிப்பை அடக்கியவன்தான். கரும்பலகையின் பக்கம் நான் திரும்பியிருந்தபோது பின்வரிசையில் ஒரு சிரிப்பொலி எழுந்தது. ஒரு பையனை எழுப்பி அந்தப் பாடவேளை முழுதும் நிற்க வைத்தேன். அவன் எதற்குச் சிரித்தான் என்று நான் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் சிரித்தான் என்று முடிவு செய்துகொண்டேன். பென்னட்டின் ஆட்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அப்பையனின் முகம் எனக்கு நினைவுக்கு வருகிறது. அவன் நின்றது முக்கால் மணி நேரம். அந்த 1940ஆம் ஆண்டுத் தொழிலாளி இழந்ததோ வேலை.

சிரித்தவனை நீக்கியது தனித்து நின்ற ஒரு கொடுமை அன்று. நெடுநாள் நடந்த ஒரு தொழிற்போரின் நடுவே நிகழ்ந்தது. பொருளாதார மந்தத்தால் பல்லாயிரவர் வேலையிழந்த காலத்தில், 1932ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், வேலையற்றோர் சில ஆயிரவர் கடுங்குளிரில் ரூஜ் ஆலையை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். டியர்பார்ன் காவலரும் ஃபோர்டு ஆட்களும் கண்ணீர்ப் புகைக்குப் பின் துப்பாக்கியால் சுட்டனர். நால்வர் மாண்டனர், காயமுற்ற ஐந்தாமவர் பின்னர் இறந்தார். 1935இல் ‘வாக்னர் சட்டம்’ என வழங்கும் சட்டம் நிறைவேறி, தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை உறுதி செய்தது. சங்கத்தில் சேர்ந்தமைக்காக ஒருவரை நீக்குவதும் மிரட்டுவதும் சட்டவிரோதமாயின. 1937 பிப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸும், அடுத்துக் கிரைஸ்லரும் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்தன. எஞ்சி நின்றது ஃபோர்டு ஒன்றே. தம் ஆலைக்குள் சங்கத்தை ஒருநாளும் ஏற்கமாட்டேன் என்று முதியவர் பிடிவாதமாக இருந்தார். மகன் எட்சல் பேச்சு நடத்தலாம் என்னும் கருத்தினர். தந்தையோ இப்பொறுப்பைப் பென்னட்டிடம் ஒப்படைத்தார்.

1937ஆம் ஆண்டு மே 26ஆம் நாளை அமெரிக்கத் தொழிலாளர் மறப்பதில்லை. அன்று வேலை முறை மாறும் நேரத்தில் ரூஜ் ஆலையின் நான்காம் வாயிலில் துண்டுப் பிரசுரம் வழங்கச் சங்கத்தார் டியர்பார்ன் நகராட்சியின் அனுமதி பெற்றிருந்தனர். வழங்க வந்தோர் பெரும்பாலும் பெண்டிர். சங்கத் தலைவர்களாகிய வால்ட்டர் ரூத்தரும் ரிச்சர்டு ஃபிராங்கன்ஸ்டீனும் வேறு இருவருடன் சாலைமேல் அமைந்த நடைப்பாலத்தின்மீது ஏறினர். பத்திரிகைப் படக்காரர், பின்னணியில் ஃபோர்டு என்னும் பெயர் விளங்க அவர்களை நிறுத்தினர். அப்போது எடுத்த படம் இன்றும் இருக்கிறது. அதில் சங்கத்தார் புன்னகை செய்துகொண்டு நிற்கிறார்கள். பக்கவாட்டிலிருந்து பென்னட்டின் ஆட்கள் நெருங்கி வருகிறார்கள். அடுத்த படங்களில் புன்னகை இல்லை. ஃபிராங்கன்ஸ்டீனின் மேற்சட்டையைத் தலைவழியே இழுத்துக் கைகளைச் செயலற்றவையாக்கி அடித்தனர். ரூத்தரைத் தூக்கித் தூக்கித் தரையில் மோதி, இரும்புப் படிகளில் உருட்டினர். வேறொருவருக்கு முதுகெலும்பு முறிந்தது. பிரசுரம் வழங்க வந்த பெண்களையும் விட்டுவைக்கவில்லை. நகரக் காவலர் பெரும்பாலும் பார்த்துக்கொண்டு நின்றனர்.

அடித்தவர்கள் உடனே படக்காரர்கள்மீது பாய்ந்து படத்தகடுகளைப் பறித்து உடைத்தனர். ‘டெட்ராய்ட் நியூஸ்’ பத்திரிகையின் படக்காரர் ஒருவர் மட்டும் ஒரு தந்திரம் செய்தார். படம் பதிந்த தகடுகளைத் தம் காரின் இருக்கைக்கு அடியில் மறைத்துவிட்டு, பயன்படாத தகடுகளை அவர்களிடம் நல்ல பிள்ளைபோல் நீட்டினார். அவர்களும் மனநிறைவோடு வாங்கிச் சென்றனர். அன்றைய நிகழ்ச்சியில் நாம் சிரிக்கத்தக்க இடம் இது ஒன்றே. மறுநாள் அப்படங்களை நாடே பார்த்தது. கம்பெனி தரப்பில், சங்கத்தாரே சண்டையைத் தூண்டினர் என்று கூறிய விளக்கத்தை அதன்பின் நம்புவார் குறைந்தனர்.

தேசியத் தொழிலுறவு வாரியம் விசாரணை நடத்தி, அவ்வாண்டு டிசம்பரில் ஃபோர்டு கம்பெனி சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வேறு, நிறைவேற்றம் வேறு. வழக்கு மேல் மன்றங்களுக்குச் சென்று ஆண்டுகள் உருண்டன. இவ்விடைக்காலத்தில்தான், மாணவர்களே, தண்டனை தன் உண்மையான வேலையைச் செய்தது. சங்கத்தில் சேர்ந்தாய் என்று வெளிப்படையாகச் சொல்லி நீக்கினால் வாரியத்தின் முன் நிற்க வேண்டும். ஆகவே பிற காரணங்கள் தேவைப்பட்டன. பேசினான், இடத்தை விட்டு நகர்ந்தான், சிரித்தான் என்பவை எத்துணை எளிய காரணங்கள்! எல்லாரும் எப்போதாவது செய்யும் ஒரு செயலைக் குற்றமாக்கி வைத்துவிட்டால், வேண்டாதவனை வேண்டும்போது பிடித்துக்கொள்ளலாம். நம் புன்னகைத் தொழிலாளியை நீக்கியவரின் உள்ளத்தில் அவ்வெண்ணம் இருந்ததா, உற்பத்திக் கணக்கு மட்டுமே இருந்ததா என்று நான் துணிந்து கூறமாட்டேன். ஆனால் அவனைச் சுற்றி நின்றவர்கள் அன்று கற்றுக்கொண்ட பாடம் ஒன்றாகவே இருந்திருக்கும்: எதற்கும் நம்மை நீக்கலாம்.

அப்பாடமே பின்னர் எதிர்விளைவை உண்டாக்கிற்று. எதற்கும் நீக்கலாம் என்றால், முகத்தை மரமாக்கிக்கொண்டு நிற்பதாலும் பயனில்லை அல்லவா? 1941 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஃபோர்டின் முறையீட்டை ஏற்க மறுத்தது. அதன்பின் அச்சம் விரைந்து கரைந்தது. நேற்று வரை உதடசையாது முணுமுணுத்தவர்கள் சங்கச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வெளிப்படையாக வேலைக்கு வந்தனர். ஏப்ரல் முதல் நாள், இரும்புத் தகடு உருட்டும் பகுதியில் தொழிலாளரின் குறைகளை எடுத்துரைத்த சங்கத்தார் எண்மரைப் பென்னட் நீக்கினார். இதுவரை அத்தகைய நீக்கம் ஆலையை அமைதியாக்கியே வந்தது. அன்றோ அப்பகுதி முழுதும் கையை நிறுத்தியது. செய்தி பகுதி பகுதியாகப் பரவ, நள்ளிரவுக்குள் மாபெரும் ரூஜ் ஆலையே ஓய்ந்தது. ஃபோர்டு தொழிலாளர் தாம் செய்த மோட்டார் வண்டிகளையே சாலைகளின் குறுக்கே நிறுத்தி ஆலைக்குச் செல்லும் வழிகளை அடைத்தனர்.

ஒரு வருந்தத்தக்க பக்கமும் உண்டு. கறுப்பினத் தொழிலாளருக்கு அந்நாளில் வேறு எந்த மோட்டார் ஆலையும் தராத அளவு வேலைவாய்ப்பை ஃபோர்டு தந்திருந்தார். அவர்களுட் பலருக்கு வெள்ளையர் மிகுந்த சங்கத்தின்மீது நம்பிக்கை இல்லை. அதற்குத் தக்க காரணங்களும் இருந்தன. வேலைநிறுத்தத்தின்போது ஆலைக்குள்ளேயே தங்கியவர்களில் அவர்களே மிகுதி. இரு தரப்பும் மோதிக்கொண்டால் இனக்கலவரமாகிவிடும் என்னும் நிலையில், கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கத் தலைவர் வால்ட்டர் ஒயிட் நேரில் வந்து, வெளியே வருமாறு அவர்களை வேண்டினார். மிச்சிகன் மாநில ஆளுநரின் முயற்சியால் பத்து நாள் கழித்து வேலைநிறுத்தம் முடிவுற்றது.

மே 21ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 70 பேர் ரூத்தர் சார்ந்த சங்கத்தையும், 27 பேர் அதன் போட்டிச் சங்கத்தையும் ஆதரித்தனர். சங்கமே வேண்டாம் என்றோர் 100க்கு மூவர்கூட இல்லை. தம் தொழிலாளர் தம்மை நேசிக்கிறார்கள் என்று உள்ளபடியே நம்பியிருந்த கிழவருக்கு இஃது இடிபோல் இருந்தது என்பர். ஆலையையே மூடிவிடுவேன் என்று அவர் கூறியதாகவும், இரத்தக் களரி மூண்டால் தாம் வீட்டை விட்டு வெளியேறுவதாக மனைவி கிளாரா அம்மையார் உறுதியாகச் சொன்னதனால் இணங்கியதாகவும், அவருடைய தளபதியாக விளங்கிய சோரன்சன் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். எவ்வாறாயினும் 1941 ஜூன் 20ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தம், ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்ததைக் காட்டிலும் தாராளமாக இருந்தது. சங்க உறுப்பினர் அல்லாதார் ஆலையில் வேலை செய்ய இயலாது. சந்தாவைக் கம்பெனியே ஊதியத்திலிருந்து பிடித்துச் சங்கத்துக்குத் தரும். சங்க ஈடுபாட்டுக்காக நீக்கப்பட்டோர்க்கு உரிய ஊதியம் திரும்பக் கிடைக்கும். இனி ஒருவரை நீக்கினால் அதனை முறையீட்டுக்குக் கொண்டுசெல்ல வழி உண்டு.

பென்னட் மேலும் நான்கு ஆண்டுகள் பதவியில் இருந்தார். ஃபோர்டின் பேரன் 1945இல் தலைமை ஏற்றவுடன் செய்த முதற்காரியங்களுள் ஒன்று அவரை வெளியேற்றியது. அந்த ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு சிறு விதி இருந்தது. ஊதியம், சந்தா ஆகியவற்றிற்கிடையே அதனைப் பலரும் கவனிப்பதில்லை. சேவைப் பகுதியைச் சேர்ந்தோர் இனிச் சாதாரண உடையில் ஆலைக்குள் திரியலாகாது. அவர்கள் யாரென்று அறியுமாறு சீருடையோ சின்னமோ அணிந்திருக்க வேண்டும் என்பது அவ்விதி. சங்கச் சின்னத்தை மறைத்து வைத்திருந்த தொழிலாளி அதனை வெளியே அணிந்துகொண்டான். மறைந்து நின்ற ஒற்றனும் ஒரு சின்னத்தை அணிந்துகொள்ள நேர்ந்தது. பக்கத்தில் இருப்பவன் யார் என்று திரும்பிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு வேடிக்கையைச் சொல்லலாமா, சற்றுப் பொறுக்கலாமா என்று தீர்மானித்தும் கொள்ளலாம்.